ஸ்டெல்லாவின் விடை

செவ்வாய்க்கிழமை

வேதியியல் பரீட்சை முடிந்து பஸ்ஸில் வரும்போது, என்னோடு படிக்கும் ஸ்டெல்லா, "வினைக்குணகக் கணக்குக்கு இன்னா எழுதின?" என்றாள். "குணகம் சமநிலை மாறிலியவிட கம்மி. வினை முன்னோக்கிப் போகும்னு எழுதினேன்," என்றேன். அவள் பின்னோக்கி என்று எழுதியிருந்தாளாம். "போச்சு. நாளைக்கு கணக்குப் பரீட்சைக்கு நான் வரலடி," என்று அழுதுகொண்டே பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்குள் தீவாக இருக்கும் தன் ஊரான பசியாவரத்துக்குப் படகு ஏறினாள்.

வீட்டில் மறுபடி போட்டுப் பார்த்தேன். ஹைட்ரஜன் அயோடைடின் செறிவை நான் வர்க்கப்படுத்தவே இல்லை. வர்க்கப்படுத்தினால் குணகம் மாறிலியைத் தாண்டுகிறது. அவள் எழுதியதுதான் சரி. போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப்.

இப்போதே அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று நைனாவிடம் சொன்னேன். "இப்ப காத்து பலமா கீது. விடியட்டும், படகுல நானே இட்டுக்கினு போறேன்," என்றார். அந்தக் கணக்கில் எனக்கு மார்க் போனதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

காற்று இன்னும் அடங்கவில்லை.