உச்சிவேளையில் நின்றுபோகும் உன் வண்டி

பாறையைக் கண்டால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் என் அண்ணே,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். இங்கே உன்னைப் பேயாக்கிவிட்டார்கள், அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆக்கியது நம் மாமாதான். மஞ்சள் காமாலையில் போனவனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் யார் கேட்பது? சீட்டைக் கழற்றி, சக்கரப் பல்லை மாற்றி, காலைத் தரையில் ஊன்றாமல் பாறைமேல் ஏறுவதற்காகவே நீ செதுக்கிய வண்டியை அவர் தோட்டத்துக்கு எடுத்துப்போனார். உட்கார இடமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றபடியே போனதைக் கரிசல் காடே பார்த்தது.

மத்தியானம் வண்டியை நிறுத்தியவரால் மறுபடி கிளப்ப முடியவில்லை. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். பயந்துபோய்ப் பக்கத்து அய்யனார் கோவிலுக்குப் போய், உன் பேரைச் சொல்லித் துன்னூறு பூசிக்கொண்டு வந்து மிதித்தால் ஒரே மிதியில் கிளம்பிவிட்டது. மூன்று நாள் இதே கதை. கோவிலுக்குப் போய்வர அரைமணி நேரம் ஆகும், அதற்குள் இன்ஜின் ஆறிவிடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஏட்டி, உச்சிவேளை ஆனா அவன் வந்து உக்காந்துக்கிடுதான். வேற ஆள ஓட்ட விடமாட்டேங்கான்" என்றார். ஆடி அமாவாசைக்குள் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட வேண்டும் என்று கெடுவும் வைத்தார். அம்மா வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தை எங்கே போய்ச் சொல்ல?

உன்மேலும் கோபம்தான். சூடானால் திரும்பக் கிளம்பாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எங்கே போனாலும் சரிவாகப் பார்த்து நிறுத்துவாய், உருட்டிவிட்டுக் கிளப்புவாய். மலைக்காட்டில் நடந்த வண்டிப் போட்டியில் பாதியில் நின்று வெளியே வந்தபோதும் கார்புரேட்டரைத்தான் திட்டினாய். கரண்ட் தரும் காயிலைக் கழற்றிக் கொடு, பார்க்கிறேன் என்று அன்றே கேட்டேன். எட்டயபுரம் ரோட்டில் நான் மோட்டார் காயில் சுற்றும் கடையைக் காட்டி, நீ போய்ப் பம்புசெட்டைப் பார் என்றாய். மறந்திருக்க மாட்டாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியை முற்றத்தில் நிறுத்தி இருபது நிமிடம் ஓடவிட்டேன். வெயிலே இல்லை. அணைத்துவிட்டு மிதித்தேன், கிளம்பவில்லை. மாமாவை எழுப்பிக் கூட்டிவந்து, உங்கள் பேய்க்கு மணி பார்க்கத் தெரியாதா என்று கேட்டேன். அவர் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு வேலை சுலபம். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று ஓட்டையைப் பார்த்தேன், அடைப்பு இல்லை. புதுப் பிளக் போட்டும் அதே நிலைமை. பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்து மிதித்தேன். சூட்டில் கரண்ட் வரவில்லை. ஆறவிட்டு மிதித்தால் நீலப் பொறி தெறிக்கிறது. கார்புரேட்டர் பாவம், இத்தனை வருடம் உன்னிடம் சும்மா வசவு வாங்கியிருக்கிறது.

கரண்ட் உண்டாக்கும் மேக்னெட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்த காயிலில் வார்னிஷ் கருகி, தலைமுடி கனத்துக் கம்பி ஓரிடத்தில் விட்டிருந்தது. ஆறியிருக்கும்போது முனைகள் ஒட்டிக்கொள்ளும், சூடேறினால் விலகும். ஓடுகிற வேகத்தில் கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிவிடும், காலால் மிதிக்கிற வேகத்துக்குத் தாண்டாது. இந்த மாதிரிப் பம்புசெட் மோட்டார் மாதத்துக்கு ஒன்றாவது என் கைக்கு வருகிறது. பழைய கம்பியைப் பிரித்து நானே புதிதாகச் சுற்றினேன். இரண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை நின்றது.

ஆடி அமாவாசை அன்று காலையில் உனக்குத் தர்ப்பணம் கொடுத்தார்கள். மத்தியானம் நான் வண்டியை எடுத்துக் குருமலைப் பாறையில் ஏற்றி இறக்கினேன். நான்கு இடத்தில் கால் ஊன்றினேன், சிரிக்காதே. இன்ஜின் கொதிக்கக் கொதிக்க வீட்டு வாசலுக்கு வந்து, மாமா முன்னால் சமதளத்தில் நிறுத்தி அணைத்தேன். பத்து எண்ணிவிட்டு மிதித்தேன். ஒரே மிதி.

மாமா அசரவில்லை. "காலையில எள்ளுந்தண்ணியும் விட்டோம்லா, அதான் அவன் எறங்கிப் போயிட்டான்" என்றார். நான் காயிலிலிருந்து பிரித்த கருகிய கம்பியை எடுத்து அவர் கையில் வைத்து, உட்கார்ந்திருந்தது இதுதான் என்றேன்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். "அப்போ இத்தன நாளும் அவன் வரவே இல்லையாட்டி?"

தினமும் உச்சிவேளையில் அவள் கொல்லையில் வண்டி பக்கத்தில் போய் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். வெங்காயம் உரிக்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன். மாமா சொன்னதற்கு ஆமாம் போட்டிருந்தால் அவள் மனசு ஆறியிருக்குமோ என்னவோ. என்னால் முடியவில்லை.

"வரலம்மா. அண்ணன் வந்திருந்தா, என்னைய ஓட்டவிடாமத் தடுக்கிற ஆளா?"

அம்மா வண்டியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள். "இல்ல. அவன் ஒன்னைய விட்டிருப்பான்" என்றாள். பிறகு அழுதாள் அண்ணே. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அழாதவள், வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். மாமாதான் வண்டியை அணைத்தார்.

வண்டி இரும்புக் கடைக்குப் போகாது. உன்னை யார் பேய் என்றாலும் சும்மா விடமாட்டேன், அது மாமாவே ஆனாலும். அடுத்த போட்டிக்கு என் பேரில் போகிறேன். வண்டியில் உன் நினைவாக என்று எழுதச் சொன்னாலும் எழுதமாட்டேன். உனக்கு வரவேண்டும் என்று தோன்றினால் அம்மா கனவில் வா, அவள் காத்திருக்கிறாள். வண்டிப் பக்கம் மட்டும் வராதே. அது இப்போது என்னுடையது.

இப்படிக்கு,
எதையும் திருப்பித் தராத உன் தங்கச்சி,
செல்வி