பதினெட்டாவது மாடியில் ஒட்டகம்

செவ்வாய்க்கிழமை, மே 12

சிங்கப்பூரில் எங்கள் பாசிர் ரிஸ் கட்டட சைட்டில் கழிப்பறை தரைத்தளத்தில். நாங்கள் கம்பி கட்டுவது பதினெட்டாவது மாடியில். லிஃப்டுக்கு வரிசையில் நின்று போய்வர அரைமணி நேரமாகும். அதனால் வேலைக்கு ஏறிய பிறகு நான் தண்ணீர் குடிப்பதில்லை. எனக்கு ஒட்டகத்தின் உடம்பு, ஒரு மடக்கில் ஒரு நாள் தாங்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பாதி சைட் நம்புகிறது.

இன்று மதியம் வெயிலில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். கூடக் கம்பி கட்டும் பஷீர் பாய் என்னை நிழலுக்கு இழுத்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையில் தண்ணீர் ஊற்றினார்.

"அண்ணே, கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

"காலையில ரூம்ல போனதுதான் பாய்."

"லிஃப்டுக்கு நிக்கச் சோம்பல்பட்டுச் சாகப் பாத்தீங்களே! அண்ணிக்கு நான் என்னன்னு போன் போடுவேன்?"

அவரே சூப்பர்வைசரிடம் சொல்லி என்னைக் கீழே ஓய்வறையில் படுக்கவைத்தார்.

சாயங்காலம் ரூமுக்குத் திரும்பியதும் ஊரிலிருந்து வீட்டுக்காரி போனில் பேசினாள். மயங்கியது பாய், பதினெட்டு மாடியும் அவரைத் தோளில் தூக்கி இறங்கியது நான் என்று அளந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாய் எட்டிப் போனை வாங்கினார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

"ஆமா அண்ணி, அண்ணன் இல்லேன்னா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்," என்றார்.

போனை வைத்ததும் என்னிடம் திரும்பினார். "நாளையிலேருந்து ரெண்டு பேரும் சேர்ந்தே தண்ணி குடிப்போம், சேர்ந்தே லிஃப்டுக்கு நிப்போம். சரியாண்ணே?"

சரி என்றேன். நாளை வரை பொறுக்காமல் இப்போதே இரண்டு பாட்டில் குடிக்கவைத்துவிட்டுத்தான் படுத்தார். இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து போய்வந்தேன். இதோ, மறுபடியும்.