பாத்துச் செய்யுங்க

அண்ணா,

இன்று சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் காத்திருந்தபோது, என் கைப்பைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் மணி பத்து என்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் பேசும் கைக்கடிகாரம்தான். காரியம் முடிந்த அன்று அண்ணி அதை என் கையில் வைத்து, "உனக்குத்தான் நேரத்துக்குப் பேசி முடிக்கத் தெரியாதும்பாரு, நீயே வெச்சுக்க சாமி" என்றார். போன பிறகும் என்னைக் குறை சொல்ல ஆள் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறீர்கள்.

சூரமங்கலத்தில் நீங்கள் நடத்திய டெலிபோன் பூத்தை மூடிய பிறகு, அதே இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு தொடங்கினீர்கள். கண் தெரியாத நீங்கள், கக்கத்தில் ஊன்றுகட்டையோடு இளம்பிள்ளையிலிருந்து வரும் நான், இன்னும் ஐந்தாறு மாற்றுத்திறனாளிகள். நம் கோரிக்கையைச் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பச் சொல்லி உறுப்பினரிடம் எப்படிப் பேசுவது என்பதுதான் பாடம். இந்தக் கடிகாரத்தை மேசை மேல் வைத்து, ஆளுக்கு இரண்டே நிமிடம். "அழுதா அதுலயே ஒரு நிமிஷம் போயிரும். அழுவாச்சிய ஊட்லயே வெச்சுட்டு வரோணும்" என்பீர்கள். சேலைக்கடையில் பேரம் பேசி வளர்ந்த எனக்கு இரண்டு நிமிடம் தொண்டையைச் செருமவே போதாது.

இன்னொன்றும் சொன்னீர்கள். பேச்சை முடிக்கும்போது யாரும் "கொஞ்சம் பாத்துச் செய்யுங்க" என்று சொல்லக் கூடாது. "பாக்கறதுதான் எனக்கே வராதே, அவுங்க பாத்து என்னத்தச் செய்யறது? எப்பச் செய்வீங்கன்னு கேளு. தேதி வாங்காம எந்திரிக்காத."

எங்கள் டவுன் பஸ்ஸின் முதல் படி என் இடுப்பு உயரம். யாராவது தூக்கிவிடாமல் ஒருநாளும் நான் பஸ் ஏறியதில்லை. தாழ்தளப் பேருந்து எங்கள் தடத்துக்கு எப்போது வரும் என்று அவையில் கேட்க வைக்க, முதல் தடவை உறுப்பினரிடம் உங்களோடு போனேன். தடுமாறாமல் பேசினேன். நீங்கள் பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் என் கை தானாகக் கும்பிட்டது. "கொஞ்சம் பாத்துச் செய்யுங்கண்ணா" என்று வாய் சொல்லிவிட்டது.

"பாத்துச் செஞ்சரலாம்மா" என்றார் அவர். மனு மேசையில் இருந்த மற்ற மனுக்களுக்கு அடியில் போனது. கூட்டத்தொடர் முடிந்தது, நம் கேள்வி வரவே இல்லை. நீங்கள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அடுத்த கூட்டத்தொடர் வராமயா போயிரும்" என்று மட்டும் சொன்னீர்கள். அது வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நான் பாழாக்கிவிட்டேன் என்ற எண்ணம் இத்தனை நாளும் என்னை அரித்தது.

இன்று தனியாகப் போனேன். படியைப் பற்றிச் சொன்னேன், தூக்கிவிடுகிறவர்களின் கைகளைப் பற்றிச் சொன்னேன். முடிக்கும்போது "கொஞ்சம்" என்று வாய் ஆரம்பித்தே விட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு, "எந்தத் தேதிக்குள்ள கேள்வி குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் உதவியாளரைப் பார்த்தார், உதவியாளர் டைரியைப் புரட்டினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்தர்றோங்க" என்றார் உறுப்பினர். என் மனு நகலில் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

மனசு லேசாகிவிட்டது அண்ணா. பஸ் இன்னும் வரவில்லை, எனக்குத் தெரியும். பரிசீலனையில் உள்ளது என்று அமைச்சர் பதில் சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வியோடு போவேன். எப்படிக் கேட்பது என்று இப்போது எனக்குத் தெரியும். வரும் ஞாயிறு வகுப்பில் உங்கள் கடிகாரத்தை நான்தான் மேசை மேல் வைக்கப் போகிறேன்.

கிளம்பும்போது உறுப்பினர் வாசல்வரை வந்தார். கை கூப்பினார். "தேர்தல் வருதுங்கம்மா. நீங்களும் உங்க ஆளுங்களும் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க."

"வெள்ளிக்கிழம கழியட்டுங்க" என்றேன். "பாத்துச் செய்யறோம்."