வில் பெட்டிக்குள் சோயா

அன்பு மகள் யோன்ஜூவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே சேதி சொல்லிவிடுகிறது. அங்கே நார்வேயில் வருஷம் முழுக்க மழையாமே, அந்த ஊரில் அவர் இருந்தால் என்ன ஆவார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், ஈரக் காலுறையோடு வேலைக்குப் போகக் கூடாது. மூன்று மாதமாக போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாமல் வைத்துவிடுகிறேனே, அம்மாவுக்கு என்ன கோபம் என்று சித்தியிடம் கேட்டாயாம். கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. இப்போது எல்லாம் முடிந்து ஒரு நிலைக்கு வந்தாயிற்று, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

ஜூலையில் சித்திக்கு இடுப்பு ஆபரேஷன் என்று மூன்று நாள் பூசானுக்குப் போனேன் அல்லவா. அடைமழைக் காலம். என் கொம்பு வில்லுக்கு அதுதான் ஆகாத காலம் என்று உனக்குத் தெரியும், எருமைக் கொம்பையும் மூங்கிலையும் மாட்டு நரம்பையும் மீன் பசைதான் பிடித்து வைத்திருக்கிறது, ஈரம் பட்டால் பசை இளகிவிடும். அதற்காகத்தானே அந்த மரப் பெட்டி, உள்ளே பல்பு எரிந்துகொண்டே இருக்கும், முப்பது டிகிரிக்கு மேலே போகக் கூடாது. போகும்போது அப்பாவிடம், "பெட்டியைத் தொடாதீங்க, திறக்காதீங்க, பக்கத்துல நின்னு தும்மக்கூடத் தும்மாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து வாசல் கதவைத் திறந்தால் ஒரு நாற்றம் வந்ததே, அடேயப்பா! பெட்டிக்குள்ளே அவித்த சோயா, ஒரு பானை நிறைய, மேலே ஈரத் துணி மூடி. நீ போனில் சோங்குக்ஜாங் குழம்புக்கு ஏங்குவதாகச் சொன்னாயாம், மகளுக்குத் தன் கையாலேயே சோயா புளிக்க வைத்து அனுப்பலாம் என்று மனுஷனுக்கு ஆசை. புளிக்க நாற்பது டிகிரி வேண்டுமே, பெட்டியின் சூட்டை ஏற்றிவிட்டார். "வில்லை எடுக்கல யோன்ஜூ அம்மா, நீதான் தொடாதேன்னியே, அதான் ஓரமா நகத்தி வெச்சேன்" என்கிறார்! முப்பது வருஷம் ஊர் வீடுகளின் பாய்லரையெல்லாம் சரி பண்ணியவர், சூடும் ஆவியும் என்ன செய்யும் என்று தெரியாதா? மூன்று நாள் ஆவியில் வெந்து, முதுகில் ஒட்டிய நரம்பு ஒரு சாண் நீளத்துக்கு எழும்பி, மேலே சுற்றிய பூர்ச்ச மரப்பட்டை உப்பி, வில் ஒரு பக்கமாகத் திருகிக் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன், யோன்ஜூ. என் அம்மா போனபோதுகூட அப்படி அழவில்லை.

ஒரு வில்லுக்கா இத்தனை என்று நீ கேட்பாய். "கார்பன் வில்லு போதாதாம்மா, யாருக்கு என்ன நிரூபிக்கணும், தோள்வலியோட எதுக்கு, விட்டுடுங்க" என்று போன வருஷமே சொன்னவள்தானே. வில் தேர்வில் நாலாம் படி வரைக்கும் கார்பன் வில் செல்லும், ஐந்தாம் படிக்குக் கொம்பு வில்லும் மூங்கில் அம்பும்தான். ஐந்தாம் படி ஏறியவரைத்தான் பேர்பெற்ற வில்லாளர் என்று அழைப்பார்கள். ஒன்பது வருஷமாக அந்த வில் மைதானத்துக்குப் போகிறேன், இன்னும் அந்தக் கிழவர்கள் வட்டமாக உட்கார்ந்துகொண்டு, "அம்மா, ஆளுக்கொரு காபி கலக்குங்க" என்கிறார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் கலக்கியது போதாதா? எனக்கு அந்தப் பட்டம் வேண்டும். வெட்கப்படாமல் எழுதுகிறேன், வேண்டும். தேர்வு அக்டோபரில், என்னிடம் இருந்தது இந்த ஒரு வில்.

மறுநாளே பஸ் பிடித்து யெச்சனில் வில் செய்கிற பியோவிடம் கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது வில்லா ஊறுகாயாம்மா?" என்றார். புது வில் கேட்டேன், குளிர் வந்த பிறகுதான் ஒட்டுவாராம், வசந்தத்தில்தான் கைக்கு வருமாம். "இதையே பிழைக்க வெச்சுப் பாக்கறேன், ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். மறுபடி நாண் ஏத்தறப்ப ஒடைஞ்சா என்னைத் திட்டக் கூடாது" என்றார். ஈரம் உறிஞ்சும் மெஷின் போட்ட அறையில் வைத்துப் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவி, கயிற்றால் இறுக்கிச் சுற்றி மூன்று வாரம் கழித்துக் கொடுத்தார். வீட்டில் இன்னும் நாற்பது நாள் இருபத்தெட்டு டிகிரியில் அசையாமல் இருக்கணும், அதுவரை நாண் ஏற்றவே கூடாது என்று உத்தரவு.

இதற்குள் தக் அம்மா, என்கூடவே வில் பழக வந்து ஒன்பது வருஷமாக என்னோடு போட்டி போடுகிறவள், தன் வில்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். "எடுத்துக்கோடி, என்ன இப்ப, ஒரு நாளைக்குத்தானே" என்றாள். நல்ல மனசுதான். ஆனால் பிறர் வில்லை இழுக்காதே என்று எங்கள் மைதானத்துச் சுவரிலேயே எழுதியிருக்கிறது, அவளே கொடுத்தாலும் எனக்கு மனசு வரவில்லை. பட்டம் வாங்கினால் என் வில்லால் வாங்குவேன், இல்லாவிட்டால் காபி கலக்குவேன் என்றேன். "உன் முயலுக்கு எப்பவும் மூணு கால்தான்" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த முலாம்பழத்தைத் தின்றுவிட்டுப் போனாள்.

அந்த நாற்பது நாளும் அப்பாவோடு நான் சரியாகப் பேசவில்லை. அவர் பாய்லர் வேலைக்கு வைத்திருந்த வெப்பமானியைத் தேடி எடுத்துப் பெட்டிக்குள் மாட்டினார். காலையில் ஒரு தரம், சாப்பாடு ஒவ்வொன்றுக்குப் பிறகும் ஒரு தரம் பார்ப்பார், சூடு ஏறினால் பல்பை மாற்றுவார். வில்லைத் துடைப்பது எப்படி என்று நானாகச் சொல்லாமலே பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். காய்ந்த பருத்தித் துணி, கைவேர்வை பட்ட இடத்தில் இரண்டு தரம், தண்ணீர் சொட்டுக்கூடக் கூடாது, நாணுக்குத் தேன்மெழுகு. ஒரு நாள் நான் குளித்துவிட்டு வந்தால் தரையில் சம்மணமிட்டு நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறார், வில்லை மட்டும் தொடவில்லை. கோபம் பாதி அன்றைக்கே போய்விட்டது. அவரிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

தேர்வு நாள் காலையில் குளிர், தூறல் வேறு. அப்பாவும் வருகிறேன் என்று வந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடத்தில் ஒரே ஹீட்டர், அதைச் சுற்றி இருபது பேர், நாண் ஏற்றுமுன் வளைந்து கொடுக்க வேண்டுமே என்று, வில்லுக்கு இளஞ்சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசிக்கேக் வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல என் வில்லையும் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, முழங்காலில் வைத்து வளைத்தால் கீழ்ப்பாதி திருகப் பார்க்கிறது. நாண் ஏற்றும்போது உடையலாம் என்று பியோ சொன்னது இதைத்தான். அப்பா பக்கத்தில் வந்து குந்தி, "நான் தொடலாமா?" என்றார். நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவர் இப்படி அனுமதி கேட்டு நான் கேட்டதே இல்லை. கொடுத்தேன். வில்லைக் கன்னத்தில் வைத்து மேலிருந்து கீழ் வரை மெதுவாக நகர்த்திப் பார்த்தார். "இந்த ஒரு விரக்கடைதான் இன்னும் குளிர்ந்திருக்கு, அதான் முரண்டு பண்ணுது" என்றார். அந்த இடத்துக்கு மட்டும் சூடு காட்டினார், இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார், நான் நாணை மாட்டினேன். மாட்டிக்கொண்டது! உடையவில்லை.

அம்பு எய்யும் கோட்டில் போய் நின்று முதல் அம்பு எடுக்கும்போது "வில் கற்கிறேன்" என்று சொல்லித்தான் விட வேண்டும், எண்பது வயதுக்காரரும் அதைத்தான் சொல்வார். கூட இருப்பவர்கள் "நிறையப் படட்டும்" என்று பதில் சொல்வார்கள். நான் சொன்னேன். எல்லோருக்கும் முந்தி, பின்னால் வேடிக்கை பார்க்கிற இடத்திலிருந்து, "நிறையப் படட்டும்!" என்று ஒரு குரல், மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அம்பை மண்ணுக்குத் தீனி போடறா" என்று ஒன்பது வருஷம் என்னைக் கேலி பண்ணிய உன் அப்பாவின் அதே வாய்தான். நான் சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன், முதல் அம்பு அதனாலேயே போயிற்று, அவரிடம் அதையும் சொல்லாதே.

சுற்றுக்கு ஐந்து அம்பு, ஒன்பது சுற்று. கடைசிச் சுற்றில் மூன்று பட்டால் போதும் என்ற நிலைமை. இரண்டு பட்டது. ஆமாம், ஒன்றே ஒன்று குறைந்துபோயிற்று. வில்மேல் தப்பு சொல்ல மாட்டேன், நாற்பத்தைந்து அம்புக்கும் அது சொன்னபடி கேட்டது, கடைசி அம்பில் நான்தான் அவசரப்பட்டு மூச்சை விட்டேன். பார்க்க வந்திருந்த தக் அம்மாதான் என்னைவிட அதிகம் அழுதாள். நான் அழவில்லை. மூன்று பேரும் போய்ச் சூடாகப் பன்றிச் சூப்பும் சோறும் சாப்பிட்டோம். திரும்பும் பஸ்ஸிலேயே போனில் ஏப்ரல் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வில்லை வாங்கி, நாணை இறக்கி, துடைத்து, பெட்டியில் வைத்து, வெப்பமானி முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் காலுறையைக் கழற்றினார். சோயாவுக்கு இப்போது தனிப்பெட்டி செய்துவிட்டார். இரண்டிலும் பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறார், ஒன்றில் வில், ஒன்றில் சோயா.

அந்தப் புதுப்பெட்டிச் சோயா இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வருகிறது. ஆபீசில் வைத்துப் பிரித்துவிடாதே, வேலை போய்விடும். பழைய முள்ளங்கிக் கிம்ச்சி போட்டுக் கொதிக்க வை, அப்பா கையால் செய்தது, நன்றாக இருக்கிறது என்று அவருக்கு ஒரு வார்த்தை போனில் சொல். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் நம்பி நீண்ட காலம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. ஏப்ரலில் நான் கோட்டுக்குப் போகும் காலையில் நீ கட்டாயம் போன் பண்ணுவாய். அப்போது விட்டுடுங்கம்மா என்ற பேச்சு வரக் கூடாது, என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
வில் கற்கும் உன் அம்மா,
பாங் மல்-சுன்