ஒன்பது கிலோவில் விட்ட கைப்பிடி

மஞ்சக்குப்பம், கடலூர்
9-12-68

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

தீபாவளிக்கு நாலு நாள் என்று சொல்லி அம்மா வீட்டுக்குப் போனாய். கார்த்திகை தீபமும் போய்விட்டது. சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. நீ எதற்காக வரவில்லை என்று தெரியும்.

புரட்டாசிச் சனிக்கிழமை திருவந்திபுரத்தில் நீ தரையில் சாக்கு விரித்து ஒயர் கூடை விற்றாய். எங்கள் இன்ஜினீயர் சம்சாரம் உன்னிடமே பேரம் பேசி ஒன்று வாங்கிப் போனார். திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்கீப்பர் சிங்காரம் எல்லார் எதிரிலும், "சார், மொத்தமா எடுத்தா வீட்ல கொறச்சுக் குடுப்பாங்களா?" என்றான். டிப்ளமா படித்த சூப்பர்வைசர் நான். வீட்டுக்கு வந்து உன் ஒயர் கட்டுகளைத் தெருவில் எறிந்தேன். எறிந்தது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ திருவிழாவில் உட்காரக் கூடாது என்பதில் மாற்றமில்லை. இருநூற்றுப் பத்து ரூபாய் சம்பளம் இரண்டு பேருக்குப் போதும்.

ஓட்டல் சாம்பார் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மார்கழி பிறப்பதற்குள் வந்து சேர்.

உத்திராபதி

*

சிதம்பரம்
14-12-68

அன்புள்ள மாமாவுக்கு,

ஞானாம்பாள் எழுதுவது. அம்மாவும் நானும் சௌக்கியம். உங்கள் வயிறு சரியாக வேண்டும் என்று தில்லைக்காளியிடம் வேண்டிக்கொண்டேன். ஓட்டலில் ரசம் சாதம் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

சம்பளம் போதாது என்று நான் என்றைக்குச் சொன்னேன்? நாலணாவுக்குப் பூ வாங்கினாலும் "எதுக்கு?" என்பீர்கள். கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டேன். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டீர்கள், ரிப்பேருக்கு வரும் மோட்டாரையும் அப்படித்தான் கேட்பீர்கள் போல. கூடை விற்ற காசை யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை. கட்டிய மனைவிக்கு அந்த ஆசை இருக்கக் கூடாதா?

ஆருத்ராவுக்கு மேலவீதியில் வளையல்காரி செல்லாயி அக்கா பக்கத்தில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன். திருவிழாவில் உட்காரலாம் என்று நீங்கள் சொன்னால் கடலூருக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் வருவதற்கில்லை.

உங்கள் ஞானாம்பாள்

*

கடலூர்
21-12-68

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

நீ விட்டுப்போன பச்சைக் கூடையை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போய்க் கொக்கியில் மாட்டி, இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒன்பது கிலோவில் இடப்பக்கக் கைப்பிடி விட்டது. ஒயரில் கோளாறில்லை. விளிம்பில் நீ முடிச்சுப் போட்ட இடம்தான் உருவிக்கொள்கிறது. அரிசியும் நாலு தேங்காயும் வாங்கினாலே ஒன்பது கிலோ வந்துவிடும்.

கைப்பிடி ஒயரை விளிம்போடு முடிக்காதே. அடிவரை இறக்கி, அடியைச் சுற்றி மறுபக்கம் ஏற்று. பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் அளவு குறித்திருக்கிறேன், பார்த்துக்கொள். கழன்றுபோகும் என்று தெரிந்தும் ஒரு சாமானை விற்கக் கூடாது.

நீ திருவிழாவில் உட்காருவது பற்றி முன்பு எழுதியதுதான்.

உத்திராபதி

*

சிதம்பரம்
8-1-69

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை கூடையத் தூக்குல போட்டாராடி?" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். தேரன்றைக்குப் பதினோரு கூடை போனது. மறுநாள் சேத்தியாத்தோப்புக்காரி ஒருத்தி கழன்ற கைப்பிடியோடு வந்து நின்றாள். "சாமி பாக்க வந்தவள ரோட்ல தேங்கா பொறுக்க வச்சிட்டியேடி" என்று ஏசினாள். வேறு கூடை கொடுத்தனுப்பிவிட்டு, மிச்சமிருந்ததையெல்லாம் பிரித்து உங்கள் படத்தைப் பார்த்துப் போட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

ஆனால் மாமா, கூடைக்கு ஒரு பக்கம் எழுதினீர்கள். நான் கேட்டதற்கு ஒரு வரிதான்.

இங்கே மாதர் சங்கத்தில் கைவேலை சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள். மாசியில் சேரச் சொல்கிறார்கள். சேர்ந்தால் எனக்கு இனிச் சிதம்பரம்தான். தைப்பூசத்துக்கு வடலூரில் கூடை வைக்கிறேன். உங்களுக்குக் குறிஞ்சிப்பாடி வழியாகக் கொஞ்ச தூரம்தான். வந்து என் பக்கத்தில் அரைமணி உட்காருங்கள். உட்கார்ந்தால் போதும், சங்கத்தில் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஞானாம்பாள்

*

கடலூர்
4-2-69

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

லீவு கிடைக்கவில்லை என்று எழுதிவிடலாம். ஆனால் நான் வடலூருக்கு வந்தேன்.

பத்தே காலுக்கு நீ பொரிக்கடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். நான் கரும்புக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றேன். நடுவில் இருபது அடி இருக்கும். அந்த நேரம் பார்த்துச் சிங்காரம் குடும்பத்தோடு வந்தான். அங்கேயே நின்றுவிட்டேன். அப்புறம் போலீஸ்காரர் வந்து வழி விடச் சொல்லி உன் சாக்கை இழுத்தார். "இழுக்காதீங்க, நானே எடுக்கறேன்" என்று நீ தனியாக எழுந்து நின்றாய். அப்போதாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். குறிஞ்சிப்பாடியில் இறங்கித் திரும்பலாமா என்று யோசித்தேன். அதற்குள் பஸ் எடுத்துவிட்டான்.

காரணம் எழுதிப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. வெட்கப்பட்டேன். காலையில் உன்னை நினைத்து, திரும்பும்போது என்னை நினைத்து.

நீ திருவிழாவில் உட்காரலாம். இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தோன்றுகிறது. சங்கத்தில் சேர்ந்தால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

உத்திராபதி

*

சிதம்பரம்
11-2-69

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களைப் பார்த்தேன். ஆறடி ஆள் கரும்புக்குப் பின்னால் நின்றால் கரும்புதான் மறையும். செல்லாயி அக்கா, "அதோ ஒன் ஊட்டுக்காரரு" என்று கூப்பிட எழுந்தாள். நான்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். கூப்பிட்டு வருவது எனக்கு வேண்டாம். நீங்கள் பஸ் பக்கம் நடந்ததையும் பார்த்தேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லீவு இல்லை என்று ஒரு கடிதம் வரும் என்றிருந்தேன். அப்படி வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூடை வைக்கிறேன். உங்கள் ஊர், உங்கள் ஆட்கள் எல்லாரும் வருவார்கள். சங்கத்தில் மகம் வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன். காலை முதல் பஸ்ஸில் இரண்டு மூட்டையோடு வருவேன். பஸ் ஸ்டாண்டில் நீங்கள் இருந்தால், விற்றுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். இல்லாவிட்டால் சாயங்காலமே திரும்பிச் சங்கத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். கோபத்தில் எழுதவில்லை மாமா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞானாம்பாள்

*

கடலூர்
20-2-69

அன்புள்ள ஞானாம்பாளுக்கு,

மகத்தன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் எல்லாரும் சொந்த வேலை என்று போடுவார்கள். நான், "மனைவியோடு தேவனாம்பட்டினத்தில் ஒயர் கூடை விற்க" என்று எழுதினேன்.

சிங்காரம் படித்துவிட்டு, "சார், இத மாத்தி எழுதிடுங்களேன், நாலு பேரு பாப்பாங்க" என்றான். "பாக்கட்டும்யா, உள்ள கொண்டு போ" என்றேன். இன்ஜினீயர் இரண்டு தடவை படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

முதல் பஸ் ஏழே முக்காலுக்கு இங்கே வருகிறது. ஏழு மணிக்கே நிற்பேன். பெரிய மூட்டையை நீ தூக்காதே.

உன் உத்திராபதி