நம் தெரு பஸ்ஸை நிறுத்தியவளுக்கு

அன்புள்ள அம்முவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருக்கிறாய் என்று நம்பத்தான் ஆசை. ஆனால் கொஞ்ச நாளாக நீ போனையே எடுப்பதில்லை, எடுத்தாலும் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுகிறாய். காரணம் எனக்குத் தெரியாதா? காலேஜில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தவளை அரசாங்கம் கூப்பிட்டுப் போக்குவரத்துத் துறையில் ஆலோசகராக உட்காரவைத்தது, நீயும் நஷ்டத்தில் ஓடும் பஸ்களை நிறுத்தச் சொல்லி அறிக்கை கொடுத்தாய், அதில் நம் தெரு பஸ்ஸும் மாட்டிக்கொண்டது. இந்த மாதத்திலிருந்து அது வருவதில்லை. "எங்க புரொபசரம்மா" என்று உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடிய தையல்கார அக்கா இப்போது என்னைக் கண்டால் மிஷினை வேகமாக மிதிக்கிறாள். "ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டவளுக்கு சொந்தத் தெரு கண்ணுக்குத் தெரியலையா" என்று கேட்டேவிட்டாள். எனக்கும் சுருக்கென்றது, பொய் சொல்லமாட்டேன். அப்பாதான், "தெரிஞ்சும் நம்ம தெருவுக்குன்னு சலுகை காட்டல பாரு, அதான் என் பொண்ணு" என்றார். சொன்ன மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்கு வெயிலில் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தார், அது வேறு விஷயம்.

வேலையை விட்டுவிட்டு வகுப்புக்கே திரும்பிவிடலாமா என்று தம்பியிடம் புலம்பினாயாமே. "போர்டுல தப்பா எழுதினா அழிச்சுடலாம், இங்க எழுதினா யாரோ நடக்கறாங்க" என்றாயாம். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. பாடம் நடத்த ஆசையிருந்தால் தாராளமாகப் போ, தையல்கார அக்காவுக்குப் பயந்து போகாதே. யார் நடக்கிறார்கள் என்று நினைத்துத் தூக்கம் கெடுகிறவள் அந்த நாற்காலியில் இருப்பது நல்லதுதான். உன் கணக்கு சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தப்பென்று பட்டால் திருத்து, யார் முறைத்தாலும் சரி. சரியென்று பட்டால் அக்காவிடம் நேரில் வந்து, வகுப்பில் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொல். திட்டுவாள், வாங்கிக்கொள்.

இருட்டின பிறகு டாக்ஸியில் வந்து பூனை மாதிரி வீட்டுக்குள் நுழையலாம் என்று மட்டும் கனவு காணாதே. பகலில் வா. மெயின் ரோட்டில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன், முழங்காலைப் பற்றிக் கவலைப்படாதே. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, எல்லார் வாசலையும் தாண்டி, நாமும் நடந்தே வருவோம்.

எந்த முடிவெடுத்தாலும் உன் மனசு குளிர்ந்திருக்கட்டும், என் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் நடக்கத் தோதான செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

உன் அம்மா