பொட்டு வைத்த கையுறைகள்

கலும்பாங்,
2.11.1988

என் தங்கம் கங்காவுக்கு,

பாட்டி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஒரு மாதமாக இல்லாத அளவுக்கு நன்றாக இருக்கிறேன். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு போ. ஈரத் தலையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடாதே.

உன் கடிதம் போன மாதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. ஊர்ப்பேச்சு உண்மையாகி இங்கே தொழிற்சாலையை மூடினால் நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ஊரிலேயே ஏதாவது வேலை பார்த்து உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று எழுதியிருந்தாய். உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. பொய் எழுத மனம் வரவில்லை. உண்மையை எழுதினால் நீ பெட்டி கட்டிவிடுவாய். இப்போது உண்மையே நல்லதாக வந்துவிட்டது. அதனால் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நம் கம்பெனி சைக்கிள் டியூபும் ரப்பர் செருப்பும் செய்து வந்தது உனக்குத் தெரியும். சைக்கிள் வைத்திருந்தவன் எல்லாம் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டான். பிறகு டியூபை யார் வாங்குவது? தொழிற்சாலை வாசல் கொட்டகையில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தே நாங்கள் தெரிந்துகொண்டோம். கம்பெனிக்குத் தெரிய ஐந்து வருடம் ஆனது. விற்பனை குறையக் குறையப் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கினார்கள். மேனேஜரை மாற்றினார்கள். பூட்டு வைத்த ஒரு பெட்டியை மாட்டி, யோசனை இருந்தால் எழுதிப் போடுங்கள் என்றார்கள். அதன் சாவி பழைய மேனேஜரோடு போய்விட்டது. என்ன யோசனை உள்ளே கிடக்கிறதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

போன வருடம்தான் புத்தி வந்து, ஆஸ்பத்திரிக் கையுறை செய்ய இறங்கினார்கள். டியூப் பகுதிப் பெண்கள் அறுபது பேரையும் அதற்கு மாற்றினார்கள். பீங்கானில் செய்த வெள்ளைக் கைகள் நானூறு, சங்கிலியில் வரிசையாக வரும். ரப்பர் பாலில் முங்கும், அடுப்புக்குள் போய் வரும், நாங்கள் உறையை உரித்து எடுப்போம். முதல் நாள் பார்த்தபோது நானூறு பேர் பந்தியில் கை நீட்டிச் சோறு கேட்பது போல இருந்தது.

ஆனால் ஓட்டை விழுந்தது. தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால் மூன்றில் ஒன்று ஒழுகியது. நோயாளியின் ரத்தத்தைத் தொடுகிற உன்னைப் போன்ற பிள்ளைகள் மாட்டுகிற உறை, ஒழுகலாமா? இஞ்சினியர் லிம் பாலை மாற்றிப் பார்த்தார், அடுப்புச் சூட்டை மாற்றிப் பார்த்தார். பாவம், பாதியாக இளைத்துவிட்டார். அக்டோபர் முடிவதற்குள் இது சரியாகாவிட்டால் தொழிற்சாலையையே பூட்டுகிறோம் என்று கோலாலம்பூர்த் தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. டியூப் காலத்தில் எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். இந்தப் பீங்கான் கைகளுக்கு ஒரு தடவைகூட வைக்கவில்லை, அதான் ஒழுகுது என்றாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி. அவளும் என்னோடுதான் வேலை செய்கிறாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. பூஜையன்று சங்கிலி நின்றிருந்தது. முன்பாதிக் கைகளை அவள் எடுத்துக்கொண்டாள், பின்பாதியை நான் எடுத்துக்கொண்டேன். அவள் மணிக்கட்டில் வைத்தாள், நான் உள்ளங்கையில் வைத்தேன். நானூறும் நிறைவாக இருந்தது.

மறுநாள் மெஷின் ஓடியது. சந்தனத்தை நன்றாகக் குழைத்து அப்பியிருந்தோம், கழுவுகிற பிரஷ்ஷுக்கும் போகவில்லை. உறை ஒவ்வொன்றும் சிவப்புப் பொட்டோடு வந்தது. உரிக்கும்போது உள்பக்கம் வெளிப்பக்கமாகிவிடும், ஒளிக்கவும் வழியில்லை. சூப்பர்வைசர் காளியண்ணன் குதித்தார். ஏம்மா நாகமணி, இது என்ன மாரியம்மன் கோயிலா, அமெரிக்காவுக்குப் போற சாமான் லா, டாக்டர் கையில பொட்டோட ஆபரேசன் பண்ணுவானா என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பண்ணுனா நோயாளி பொழைச்சுக்குவான் லா அண்ணே என்று புஷ்பவள்ளி சொன்னதும் அத்தனை பெண்களும் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பொட்டு உறைகளைப் பின்னால் கொண்டுபோய் எரிக்கச் சொன்னார்.

எரிக்கவா? ஒழுகாததை மிளகாய் நறுக்க வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பினோம். அவள் மணிக்கட்டில் பொட்டு வைத்தது பெரும்பாலும் ஒழுகியது. நான் உள்ளங்கையில் வைத்ததில் ஒன்றிரண்டுதான். அவளுடையதும் பொட்டு வைத்த இடத்தில் ஒழுகவில்லை, விரல் இடுக்கில் ஒழுகியது. உன் கைராசி அப்படி என்று சும்மா சீண்டினேன். அவளுக்கு வந்ததே கோபம்! பழைய கையெல்லாம் எந்தலையில கட்டிட்டு, புதுசாப் பாத்து நீ எடுத்துக்கிட்ட, இப்ப எங்கைராசிய குத்தம் சொல்ல வந்துட்டியா என்று ஒரு உறைத் தண்ணீரை என் மேலேயே ஊற்றிவிட்டாள்.

நனைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முன்பாதிக் கைகள், மூடிப்போன வேறொரு தொழிற்சாலையிலிருந்து கம்பெனி மலிவாக வாங்கியவை. எல்லா உறையும் ஒரே கூடையில் விழுந்ததால் எது எந்தக் கையில் வந்தது என்று இதுவரை யாருக்கும் தெரியவில்லை. பொட்டு காட்டிக் கொடுத்துவிட்டது!

சொட்டச் சொட்ட லிம்மிடம் ஓடினேன். இரண்டு உறையைத் தூக்கிக் காட்டி, இனி லாமா, போச்சோர், இனி பாரு, தா போச்சோர் என்று எனக்குத் தெரிந்த மலாயில், பழையது ஒழுகுது, புதுசு ஒழுகலை என்றேன். அவர் என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடினார். பழைய கைகளின் விரல் இடுக்கில் முடி போல வெடிப்பு. தரையில் உட்கார்ந்து சிரித்தார் கங்கா, அழுகிற மாதிரிச் சிரித்தார்.

புதுக் கைகள் ஒரு வாரத்தில் வந்து இறங்கின. இப்போது நூற்றுக்கு ஒன்று ஒழுகினால் அதிகம். போன வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து டைரக்டரே வந்து, தொழிற்சாலையை மூடப்போவதில்லை, அறுபது பேருக்கும் வேலை உண்டு, அடுத்த வருடம் இன்னொரு சங்கிலி போடுகிறோம் என்றார். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று என்னைக் கேட்டார். கண்டுபிடிக்கவில்லை ஐயா, சாமி கும்பிட்டோம், பிறகு சண்டை போட்டோம் என்று அதே அரைகுறை மலாயில் சொன்னேன். லிம் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்ல, டைரக்டருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. பூஜைக்கு ஆரம்பத்திலிருந்து தான்தான் ஆதரவு என்று காளியண்ணன் ஒரு போடு போட்டார் பார்!

எச்சரிக்கைக் கடிதத்தைத் திருப்பிக் கொடு, கிழித்துவிடுகிறோம் என்றார்கள். புஷ்பவள்ளி கொடுத்தாள். நான் கொடுக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பெயரைக் கம்பெனி டைப் அடித்தது அது ஒன்றில்தான். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முறுக்கு அனுப்பியிருக்கிறேன். தூளாகத்தான் வந்து சேரும். கரண்டியால் சாப்பிடு.

ஆகவே என்னைக் காப்பாற்ற நீ ஓடிவர வேண்டாம். இன்னும் ஒன்றரை வருடம், முடித்துக்கொண்டு வா. அதற்கு முன் பெட்டியோடு வாசலில் நின்றால் அடுத்த விமானத்திலேயே திருப்பி ஏற்றிவிடுவேன். புஷ்பவள்ளி உனக்குத் தனியாக எழுதப்போகிறாளாம், உன் பாட்டி தபால்காரன் மோட்டார் சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுகிறாள் என்று. அவள் பேச்சை நம்பாதே. கடிதம் மட்டும் வாரம் தவறாமல் போடு.

பத்துமலை முருகன் உன் பக்கத்திலேயே நிற்கட்டும்.

உன் பாட்டி
நாகமணி